பெரியவர்கள் பெயர் குதிக்கக் கூடாது

நம் வீடியோக்காரர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். "நம்ம தொழில்ல உழைக்கிற யாராவது ஒருத்தரப் பத்தி எழுதிக் குடுங்க சக்கரபாணி. நீங்கதான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்களே" என்றார். உண்மைதான். திருவண்ணாமலையில் முப்பது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எடுத்த வேலையைவிடப் பேசிய பேச்சு ஜாஸ்தி.

ஆர்த்தியைப் பற்றி எழுதுகிறேன். இந்த மலரைப் படிக்கப்போகிற கேமராக்காரர்கள், ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பேர் தெரியாவிட்டாலும், "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு மாலை போட்டு விளக்கேத்தி எல்.ஈ.டி. திரையில காட்டுச்சே, அந்தப் பொண்ணு" என்றால் தெரியும். அந்தக் கதையை டீக்கடையில் சொல்லிச் சிரித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தக் காரியத்தைச் செய்தது அவள் இல்லை. நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வைத்திருந்தால், எழுதாமலேயே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆர்த்திக்கு ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், நெல்லும் மல்லாட்டைக் கடலையும். காலேஜில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கடைக்கு வந்தாள். தேரடி வீதிக்குப் பின்னால் சந்து, சந்தில் மாடி, மாடியில் ஏ.சி. ஓடியும் ஓடாத ஒரு அறை. அதுதான் என் எடிட்டிங் ரூம். ஆல்பத்துக்குப் பேர் அடிக்கத்தான் அவளை வைத்தேன். மூன்றாவது மாசமே எடிட்டிங்கில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. நான் சொல்லித் தந்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இதயம் ரெண்டாகப் பிளந்து நடுவில் மாப்பிள்ளை பெண் வருவது மட்டும்தான்.

நம் தொழிலில் இருக்கிற தலைவலி உங்களுக்குத் தெரியும். மாசத்துக்கு ஒரு தரம் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வரும். போன வாரம் இந்த மூலையில் இருந்த பட்டன் இந்த வாரம் அந்த மூலைக்குப் போயிருக்கும். ஐம்பது புது எழுத்து எஃபெக்ட் வந்திருக்கும். எழுத்து எரியும், உருகும், தண்ணீரில் மிதக்கும், செங்கல் செங்கலாக விழும். நான் கத்துவேன். "எவன்டா இதைக் கேட்டான்?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துத் திட்டுவேன். ஆர்த்தி ஒரு நோட்டை எடுப்பாள். நாற்பது பக்க ரூல்டு நோட்டு. அதில் காது குத்து, மஞ்சள் நீர், கல்யாணம், காரியம் என்று தலைப்புப் போட்டு வைத்திருந்தாள். புதிதாக வந்த ஒவ்வொரு எஃபெக்டையும் போட்டுப் பார்த்து, எது எந்த வீட்டுக்கு ஆகும் என்று எழுதுவாள். பாதிக்கு மேல் எந்தத் தலைப்பிலும் வராது. அவற்றைக் கடைசிப் பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதி அடைத்துவிடுவாள்.

ஒரு தரம் ஒரு கல்யாண வீட்டில், பெண்ணின் பெரியப்பா பேருக்கு நான் ஒரு துள்ளல் எஃபெக்ட் போட்டேன். ஒவ்வொரு எழுத்தும் பந்து மாதிரி குதித்து வந்து உட்காரும். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆர்த்தி பார்த்துவிட்டு, "பெரியவங்க பேரு குதிக்கக் கூடாதுண்ணா" என்றாள்.

"ஏன், குதிச்சா இன்னா?"

"அவரே மெதுவாத்தானே நடப்பாரு? பேரு மட்டும் குதிச்சா நல்லாவா இருக்கும்?"

சிரித்தேன். ஆனால் மாற்றிவிட்டேன். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது எனக்குள்ளே எப்போதும் தெரியும். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் சம்பளம் ஏற்றிக் கேட்பாள் என்று பயம்.

நம் பக்கத்துக் கல்யாண வீடியோவில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அண்ணாமலையார். அடுத்து முன்னோர் ஆசி, அதாவது குடும்பத்தில் காலமானவர்கள். போட்டோவைச் சுற்றி மாலை, கீழே விளக்கு, பேர் மெதுவாக மேலெழும்பும். அதற்கப்புறம்தான் இருக்கிற பெரியவர்கள், பெற்றோர், மாமன்மார். இதில் தப்பு வந்தால் கல்யாண வீடு ரெண்டாகிவிடும். அனுப்புகிற போட்டோக்களில் பாதிக்கு மேல் பழையவை, யார் இருக்கிறார், யார் இல்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் எல்லாம் போன் போட்டு, "இவரு இருக்காரா, போயிட்டாரா?" என்று கேட்கிற ஆள். அப்படிக் கேட்டு ஒரு வீட்டில் அசிங்கமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆர்த்தி அப்படிக் கேட்க மாட்டாள். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஒவ்வொருத்தருக்கும், "இவங்க மண்டபத்துக்கு வருவாங்களாங்க?" என்று கேட்பாள். வருவார் என்றால் ஓரத்தில் பூ மட்டும். கொஞ்சம் நிறுத்தி, "இல்லம்மா, அவரு…" என்று இழுத்தால் விளக்கு. எதிர்முனையில் இருப்பவர்களுக்கு என்ன கேட்டாள் என்றே தெரியாது. என்னிடம் இருந்த ஐந்து வருஷத்தில் ஒரு தரம்கூடத் தப்பு வரவில்லை.

போன வருஷம் அப்பாதுரை வீட்டுக் கல்யாணம் வந்தது. அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாமரை நகரில் வீடு. மனைவி பேர் வேதா. ஒரே மகள் கவியாவுக்குக் கல்யாணம். அப்பாதுரைக்கு ரெண்டு கிட்னியும் போய், வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். அதனால்தான் வளர்பிறை வரட்டும் என்று காத்திருக்காமல், தேய்பிறை முகூர்த்தமாக இருந்தாலும் பரவாயில்லை என்று பௌர்ணமி முடிந்த புதன்கிழமையே நாள் குறித்தார்கள். அந்த மனிதர் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும், அதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை. வேதா அம்மா என்னிடம் முன்பணம் கொடுக்கும்போதுகூட, "அவரு போட்டோ நல்லா வரணும்ங்க" என்றுதான் சொன்னார்.

ஆர்த்தி வழக்கம்போல் வேதாவுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நான் இருந்தேன். ஒவ்வொரு பேராகக் கேட்டுக்கொண்டே வந்து, "அப்பாதுரை சாரு மண்டபத்துக்கு வருவாருங்களாம்மா?" என்றும் கேட்டாள். வரிசையில் ஒருத்தரை விட்டுக் கேட்டால் மற்றவர்களைக் கேட்டதன் அர்த்தம் தெரிந்துவிடும் அல்லவா, அதற்காக. "அவரு வராம வேற யாரும்மா வருவா?" என்று அந்த அம்மா சிரித்தது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய அப்டேட் வந்திருந்தது. ஊதுபத்திப் புகை மாதிரி எழுத்து நெளிந்து மேலேறி, பொன் நிறத்தில் நிற்கும் ஒரு எஃபெக்ட் அதில் இருந்தது. ஆர்த்தி அதை நோட்டில் 'முன்னோர்' என்று எழுதினாள். எழுத்து, மாலை, விளக்கு மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, கவியாவின் தாத்தா பாட்டி ரெண்டு பேருக்கும் மட்டும் போட்டாள். இருக்கிறவர்களுக்கு, கையால் எழுதுகிற மாதிரி மெதுவாக ஓடும் எழுத்து. சனிக்கிழமை சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

"நாளைக்குப் பௌர்ணமிண்ணா, பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. வூட்ல மல்லாட்ட ஆயணும், நான் திங்கக்கெழம வரேன். எதையும் தொடாதீங்க, எக்ஸ்போர்ட் மட்டும் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதையும் தொடாதீங்க என்று அவள் சொன்னதுதான் எனக்குக் குத்தியது. என் கடை, என் கம்ப்யூட்டர், நான் தொடக் கூடாதா?

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் நம் ஊரில் கடை திறந்தும் ஒன்றுதான், மூடியும் ஒன்றுதான். போன் சார்ஜ் போட இடம் கேட்டு வருகிறவர்களைத் தவிர ஒருத்தர் மாடி ஏறவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கிறவன் கை சும்மா இருக்காது. ஆர்த்தி முடித்து வைத்த வேலையைத் திறந்தேன். தாத்தா பேருக்குப் போட்டிருந்த அந்தப் புகை எழுத்து ரொம்ப அழகாக இருந்தது. அப்பாதுரை பேர் வெறுமனே ஓடுகிற எழுத்தில் சப்பென்று இருந்த மாதிரி பட்டது. பணம் கொடுக்கிறவர் பேர் இப்படியா இருக்கும்? அப்டேட்டில் ஒரு புது வசதி வந்திருந்தது. ஒரு எழுத்தைத் தொட்டு, 'எல்லாவற்றுக்கும் இதே' என்று அமுக்கினால் வீடியோ முழுக்க எல்லாப் பேரும் அப்படியே மாறிவிடும். அமுக்கினேன்.

மூன்று நான்கு பேரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எழுத்து பொன் மாதிரி எழும்பியது. அடுத்தது, அடுத்தது என்று தாவினேன். எழுத்து வந்து ரெண்டு நொடி கழித்துத்தான் மாலையும் விளக்கும் வரும் என்பது அவள் வைத்த கணக்கு. அந்த ரெண்டு நொடி எந்தப் பேரிலும் நான் நிற்கவில்லை. எக்ஸ்போர்ட் போட்டு, பென்டிரைவில் ஏற்றி, மேசை டிராயரில் வைத்தேன்.

திங்கட்கிழமை வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எக்ஸ்போர்ட் போட்டீங்களாண்ணா?"

"போட்டாச்சு."

"ஒரு வாட்டி முழுசாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா, பாத்தேன். இன்னா புதுசா கேக்கற?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். போளூர் ரோட்டில் மண்டபம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு எல்.ஈ.டி. திரை. கவியா ஆர்த்திக்குத் தனியாகப் பத்திரிகை வைத்திருந்தாள். தான் செய்த வேலையை அவ்வளவு பெரிய திரையில் ஆர்த்தி அதுவரை பார்த்ததில்லை. பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தம்பியோடு பைக்கில் வந்து, திரைக்கு எதிரே தூண் பக்கம் நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். முன் வரிசையில், நடுவில், வேட்டி சட்டையில் அப்பாதுரை உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு வீடியோ ஓடியது. அண்ணாமலையார் வந்தார். தாத்தா வந்தார், பாட்டி வந்தார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. அடுத்து அப்பாதுரை. பேர் புகையாக நெளிந்து பொன்னாக எழும்பியது. ரெண்டு நொடி. அப்புறம் அவர் முகத்தைச் சுற்றி மாலை விழுந்தது. கீழே விளக்கு ஏறியது.

கும்பிட்ட கைகள் கும்பிட்டபடியே நின்றன. யாரோ திரையை அணைத்தார்கள். நல்லவேளை, அடுத்து வரிசையில் இருந்த வேதா அம்மாவுக்கும் சம்பந்திமார் ரெண்டு பேருக்கும் விளக்கு ஏறவில்லை. வேதா அம்மா எழுந்து நின்று கத்தியது என்ன வார்த்தை என்று எனக்கு இப்போது நினைவில்லை. கவியாவின் மாமா வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"யாருய்யா இத பண்ணது?"

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பௌர்ணமி மத்தியானமும் என் விரலும் அந்தப் பட்டனும் ஒரே நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எடிட்டிங் பண்ற பொண்ணுங்க. புதுசா அப்டேட் வந்துச்சு, தெரியாம தப்பு பண்ணிடுச்சு. சின்னப் பொண்ணு, மன்னிச்சுடுங்க."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மைக்கை வாங்கிக் கொடுத்தார்கள். அதிலும் அதையே சொன்னேன். நானூறு பேர் இருந்த மண்டபத்தில், "எங்க கடையில வேலை செய்யிற பொண்ணு தெரியாம…" என்று என் குரல் எதிரொலித்தது. ஆர்த்தி தூணிலிருந்து நகர்ந்து முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தான்தான் எங்கோ தவறிவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். வேதா அம்மாவுக்கு முன்னால் நின்று ரெண்டு கையையும் கூப்பினாள்.

"நீயா? நீதானே போன் போட்டுக் கேட்ட, மண்டபத்துக்கு வருவாரான்னு? வருவாருன்னு சொன்னேனேம்மா! கேட்டுக்கினு இப்படிப் பண்ணியே!" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் பொத்திப் பொத்திக் கேட்ட கேள்வியே அவள் தலையில் விழுந்தது. அப்பாதுரை மட்டும் கையைக் காட்டி, "வுடு வேதா, எப்படியும் ஒரு நாள் போடப் போறதுதானே, சீக்கிரம் போட்டுட்டாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். அதைக் கேட்டு வேதா அம்மா இன்னும் சத்தமாக அழுதார். ஆர்த்தியைத் தம்பி கூட்டிக்கொண்டு போனான். நான் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மறுநாள் தாலி கட்டுவதுவரைக்கும் எல்லாம் எடுத்தேன். ஒழுங்காக எடுத்தேன், ஒரு காட்சிகூட ஆடவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கேவலம். புதன்கிழமை, நான் மண்டபத்தில் இருந்தபோது ஆர்த்தி கடைக்கு வந்திருக்கிறாள். கம்ப்யூட்டரைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வேலையை எடுத்தாள் என்று பிறகு கடைப்பையன் சொன்னான். நான் ரெண்டு நாள் கழித்து வந்து, பெரிய மனுஷன் மாதிரி, "போனது போவட்டும் விடும்மா. வேலையில இதெல்லாம் சகஜம்" என்றேன். அதாவது, நான் அவளை மன்னித்தேன்! அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரிண்ணா" என்றாள். வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்திருக்கிறேனே, எனக்கு எவ்வளவு நல்ல மனசு என்று எனக்கே தோன்றியது. தினமும் சாயங்காலம் அவளுக்கு டீயோடு ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அவள் போகும்போது கதவு பக்கம் ஒரு நிமிஷம் நின்று, "வேற எதுனா சொல்லணுமாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். "ஒண்ணுமில்ல, போயிட்டு வா" என்பேன்.

இதற்குள் கதை ஊரெல்லாம் போய்விட்டது. எனக்கு எடிட்டிங் கொடுத்துக்கொண்டிருந்த ரெண்டு ஸ்டுடியோக்காரர்கள், "அந்தப் பொண்ணு கையில குடுக்காதீங்க" என்று சொல்லியே கொடுத்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஒரு மாசம் முடிந்ததும், வேங்கிக்காலில் வேறு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

எட்டு மாசம் கழித்து, ஒரு நாள் காலையில் அப்பாதுரை மாடி ஏறி வந்தார். ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபின், "ஒரு போட்டோ எடுக்கணும்ங்க. அன்னைக்குத் திரையில வந்த போட்டோல நான் மொறைச்சுக்கினு இருந்தேன். நெசமாலுமே மாட்டும்போது கொஞ்சம் நல்லா இருக்கட்டுமே" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு இல்லீங்களா? அதுகிட்ட ஒரு வார்த்த பேசணும்னுதான் நானே வந்தேன்."

"வேலைய வுட்டுடுச்சுங்க."

"எங்களாலயா?"

நான் கேமராவை எடுத்து லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். அவரே சொன்னார். "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் காலையில வீட்டுக்கு வந்துச்சுங்க. உங்களுக்குத் தெரியாதா? கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு மன்னிச்சுடுங்க, மன்னிச்சுடுங்கன்னு. வேதா கேட்டத் தெறக்கவே இல்ல. வாய்க்கு வந்தபடி பேசிட்டா. நான் உள்ள படுத்துக்கினு கேட்டேன், எழுந்துக்க முடியல. வெயில்ல நின்னு ஒரு வாய்த் தண்ணி கேட்டுதுங்க. அதைக்கூட குடுக்கல. எங்க வாசல்லேர்ந்து யாரும் அப்படிப் போனதில்ல. அது மனசுலயே கெடக்குது எனக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, சிரிங்க" என்று சொல்லிப் போட்டோதான் எடுத்தேன். முதலில் எடுத்த மூன்று போட்டோவும் ஆடியிருந்தது. நாலாவது சரியாக வந்தது.

அவர் போனதும் கடையைப் பூட்டிவிட்டு வேங்கிக்காலுக்குப் போனேன். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே வரிசையாக இருக்கும் ஆன்லைன் கடைகளில் ஒன்றில் ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மனு என்று பேரும் முகவரியும் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்கண்ணா" என்று ஸ்டூலைத் தள்ளினாள். நான் உட்காரவில்லை.

"ஆர்த்தி, அன்னைக்கு அது நீ பண்ணல. நான்தான் பண்ணேன்."

"தெரியும்ணா" என்றாள். அடிப்பதை நிறுத்தவில்லை.

"எப்படி?"

"புதன்கெழம சிஸ்டத்த தெறந்ததும் பாத்தேன். ஞாயித்துக்கெழம நாலு பத்துக்கு சேவ் ஆகியிருந்துச்சு. ஞாயித்துக்கெழம நாலு பத்துக்கு நான் மல்லாட்ட ஆஞ்சிக்கினு இருந்தேன்."

"தெரிஞ்சுமா அவங்க வூட்டுக்குப் போயி மன்னிப்பு கேட்ட?"

"அந்த அம்மா ரெண்டு நாளா சாப்பிடவே இல்லன்னு கவியா போன்ல அழுதாங்க. யாராவது ஒருத்தர் போயிக் கேக்கணும் இல்லண்ணா?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா. சண்ட போட்டிருக்கலாமே."

அப்போதுதான் கையை எடுத்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேண்ணா. அதுக்குத்தான் ஒரு மாசம் இருந்தேன். தெனமும் போறப்ப கேட்டேனே, எதுனா சொல்லணுமான்னு."

வடை வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அந்த வடையை அவள் ஒரு நாளும் தின்னவில்லை, தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போவாள் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கம் என்று நாம் சும்மா சொல்கிறோம். எனக்கு அன்றைக்கு அது முதுகுத்தண்டில் ஏறியது. திரும்பி வந்துவிடு, சம்பளம் ஏற்றித் தருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். பக்கத்தில் ஒரு பெரியவர் பட்டா மனுவோடு வந்து நின்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரிஞ்சத என்கிட்டயே வந்து சொல்றீங்க. தெரியாதவங்க கிட்ட சொல்லுங்கண்ணா." பிறகு பெரியவரிடம், "அய்யா, உங்க பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே அடிக்கட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

தெரியாதவர்களிடம் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. அந்த மண்டபத்தில் இருந்த கேமராக்காரர்களும், அவள் கையில் வேலை கொடுக்காதே என்று எனக்குச் சொன்னவர்களும், சொன்னதற்குத் தலையாட்டிய நானும் இதைப் படிக்க வேண்டும். அவள் தொழிலுக்குத் திரும்பி வருவாளா என்பது எனக்குத் தெரியாது. யாராவது கூப்பிட்டால் சரியாகக் கூப்பிடுங்கள். அவள் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவேன்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தாமரை நகருக்குப் போனேன். அப்பாதுரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வேதா அம்மா கேட்டைத் திறந்தார். அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பௌர்ணமியும் பட்டனும் மைக்கும், ஆர்த்திக்குத் தெரிந்தே அவள் இங்கே வந்து நின்றதும், எதையும் விடவில்லை. பேசப் பேச அந்த அம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். திட்டட்டும் என்று நின்றேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

நான் சொல்லி முடித்ததும், "அந்தப் பொண்ணு தண்ணி கேட்டுச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடு தேடி வந்த பெரிய மனுஷனுக்கு வழக்கமாகச் சொல்கிற மாதிரியே, "உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

மறுத்திருக்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்தேன். ஃபேனைப் போட்டுவிட்டு, காபி போட்டு எடுத்துவந்து கொடுத்தார். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அதை முழுசாகக் குடித்தேன்.